எள்ளுக்குள் எண்ணெய்

காம்பாக் நிறுவனம் 2000ஆம் ஆண்டில் விற்பனைக்குக் கொண்டுவந்த ஐபேக் எச்3600 வரிசைக் கையடக்கக் கணினி சட்டைப்பைக்குள் அடங்கிவிடும். உள்ளே 206 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடும் ஸ்ட்ராங்ஆர்ம் சில்லு, 32 எம்பி நினைவகம், 16 எம்பி ஃபிளாஷ். வெளியே 240க்கு 320 புள்ளிகள் கொண்ட வண்ணத் தொடுதிரை, அதில் எழுத ஓர் எழுத்தாணி. முகவரிகள், நாட்குறிப்பு, மின்னஞ்சல், கொஞ்சம் பாட்டு என்று மைக்ரோசாஃப்டின் பாக்கெட் பிசி இயங்குதளம் வகுத்துக் கொடுத்த வேலைகளுக்காக அது விற்கப்பட்டது. அந்த இயங்குதளத்தைத் துடைத்துவிட்டு லினக்ஸை ஏற்றிக்கொண்டவர்கள் அதே ஆண்டிலேயே இருந்தார்கள். கருவியில் ஒரு திருகாணிகூட மாறவில்லை. பெட்டி அதே, சில்லு அதே, திரை அதே. ஆனால் அது செய்த வேலை வேறு, கேட்டு நடந்த கட்டளை வேறு.

தத்துவம் நெடுங்காலமாகக் கேட்டுவரும் கேள்வி ஒன்று இங்கே உள்ளங்கைக்குள் வந்து உட்கார்கிறது. செய்பொருள் ஒன்றின் நோக்கம் எங்கே இருக்கிறது? செய்தவர் மனத்திலா, செய்யப்பட்ட பண்டத்திலா, அதை எடுத்துப் புழங்குபவர் கையிலா? செய்தவர் மனத்தில் என்றால், ஐபேக்கைத் துடைத்தவர் ஒரு பொருளை அதன் இயல்பிலிருந்து பிடுங்கியிருக்கிறார். பண்டத்தில் என்றால், மறைந்திருந்த ஒன்றை வெளியே கொண்டுவந்திருக்கிறார். புழங்குபவரிடம் என்றால், பொருளுக்கு இயல்பு என்று ஒன்று இருந்ததா என்பதே ஐயமாகிவிடும். மூன்று விடைக்கும் பழைய வழக்கறிஞர்கள் உண்டு.

அரிஸ்டாட்டில் ‘இயற்பியல்’ நூலின் இரண்டாம் பகுதியில் இயற்கைப் பொருளையும் செய்பொருளையும் பிரிக்கிறார். மரம் தன் வளர்ச்சிக்கான காரணத்தைத் தனக்குள்ளேயே வைத்திருக்கிறது. கட்டிலுக்கு அப்படி எதுவும் இல்லை, அதன் வடிவமும் நோக்கமும் தச்சனிடமிருந்து வந்தவை. இந்த இடத்தில் அவர் அந்திபோன் என்பவர் சொன்ன எடுத்துக்காட்டு ஒன்றைக் கொண்டுவருகிறார். ஒரு கட்டிலை மண்ணில் புதைத்து, அது அழுகித் துளிர்விடும் என்று வைத்துக்கொண்டால், முளைப்பது மரமாக இருக்குமே தவிர இன்னொரு கட்டிலாக இருக்காது. கட்டில் என்பது மரத்தின் மேல் ஏற்றிவைக்கப்பட்ட ஏற்பாடு. அடியில் இருப்பது மரந்தான். அந்திபோன் இதிலிருந்து மூலப்பொருளே பொருளின் உண்மை இயல்பு என்று முடிவு கட்டினார். அரிஸ்டாட்டில் அதை முழுதாக ஒப்பவில்லை. வடிவமே கூடுதலாக இயல்பு என்றார்.

பிரெஞ்சுத் தத்துவவாதி சார்த்தர் 1945இல் பாரிஸில் ஆற்றிய புகழ்பெற்ற உரையில் எடுத்துக்கொண்ட பொருள் காகிதம் வெட்டும் கத்தி. அதைச் செய்தவருக்கு அது எதற்கு என்ற எண்ணம் முன்பே இருந்தது. எதற்கு என்று தெரியாமல் அப்படியொரு கத்தியை யாரும் செய்ய முடியாது. ஆகவே செய்பொருளில் சாரம் முந்தி, இருப்பு பிந்தி. மனிதனுக்கு மட்டுமே இருப்பு முந்துகிறது, அவன் தன் சாரத்தைத் தானே உண்டாக்கிக்கொள்கிறான் என்பது அவர் வாதம். மனிதனைப் பற்றி அவர் சொன்னதில் சர்ச்சை பெருகியது. கத்தியைப் பற்றிச் சொன்னதைப் பலரும் கேள்வி கேட்காமல் விட்டுவிட்டார்கள். கையடக்கக் கணினி அந்தக் கத்தியைத்தான் திரும்ப மேசைமேல் எடுத்து வைக்கிறது.

முதல் சிக்கல், ‘செய்தவர்’ யார் என்பதிலேயே தொடங்குகிறது. ஐபேக்கின் வன்பொருள் வடிவமைப்பு, டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தின் பாலோ ஆல்ட்டோ ஆய்வகங்களில் 1990களின் பிற்பகுதியில் உருவான ‘இட்ஸி’ என்ற ஆய்வுக் கருவியின் வழிவந்தது. சட்டைப்பைக் கணினி ஒன்றில் என்னென்ன செய்யலாம் என்று பார்ப்பதற்காகக் கட்டப்பட்ட அந்த இட்ஸி ஓடியது லினக்ஸில். 1998இல் காம்பாக் டிஜிட்டலை வாங்கியது. ஆய்வகமும் அறிவும் கைமாறின. கடைக்கு வந்த ஐபேக்கில் பாக்கெட் பிசி இருந்தது. அதே காம்பாக்கின் கேம்பிரிட்ஜ் ஆய்வகமோ அந்த ஐபேக்கில் லினக்ஸை ஓடவைக்கும் வேலையைத் தானே முன்னின்று செய்தது, ஹேண்ட்ஹெல்ட்ஸ்.ஆர்க் என்ற கூட்டு முயற்சிக்கு இடம் கொடுத்தது. எக்ஸ் விண்டோ வரைகலை முறையை உருவாக்கியவர்களுள் ஒருவரான ஜிம் கெட்டிஸ் அந்த ஆய்வகத்தில் இருந்தார். ஆக, ஒரே நிறுவனத்தின் விற்பனைப் பிரிவு ஒரு நோக்கத்தை எழுதியது, ஆய்வகம் இன்னொன்றை எழுதியது. தச்சன் ஒருவன் என்று எண்ணித்தான் அரிஸ்டாட்டிலின் கட்டில் நிற்கிறது. தொழிற்சாலைப் பொருளுக்குத் தச்சர் ஆயிரம் பேர். அவர்கள் ஒத்த கருத்துடையவர்களாக இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. சார்த்தரின் கத்திக்கு இருந்த ஒற்றை எண்ணம் இங்கே கிடையாது.

மாற்றம் எப்படி நடந்தது என்பதைக் கிட்டப்போய்ப் பார்த்தால்தான் கேள்வியின் கனம் தெரியும். கருவியை மின்னேற்றும் தொட்டிலில் பொருத்தி, மின்சாரம் அறுபடாமல் பார்த்துக்கொண்டு, சீரியல் கேபிளால் மேசைக் கணினியோடு இணைப்பார்கள். பிறகு பூட்பிளாஸ்டர் என்ற சிறு நிரல் ஒன்றைக் கருவிக்குள் அனுப்புவார்கள். வேடிக்கை என்னவென்றால், அந்த நிரல் ஓடுவது பாக்கெட் பிசியின் மேலேயே. தன்னைத் துடைக்கப்போகும் கைக்கு அந்த இயங்குதளமே இடம் கொடுக்கிறது. நிரலில் முதலில் செய்யவேண்டிய வேலை, ஃபிளாஷில் இருக்கும் மூல இயங்குதளத்தை ஒரு கோப்பாகப் படியெடுத்து மேசைக் கணினியில் பத்திரப்படுத்துவது. அவசரத்தில் இதைத் தாண்டிப் போனவர்களுக்குத் திரும்பும் வழி அடைபட்டது.

அடுத்தது பூட்லோடரை எழுதுவது. மின்சாரம் வந்ததும் சில்லு முதன்முதலாகப் படிக்கும் சின்னஞ்சிறு நிரல் அது. எந்த இயங்குதளத்தை எழுப்புவது என்று அதுவே தீர்மானிக்கிறது. பழையதை அழித்துப் புதியதை எழுதும் அந்தச் சில விநாடிகளில் கருவிக்குச் சொந்தமாக எழுந்து நிற்கும் வழி எதுவும் இல்லை. மின்சாரம் போனாலோ கோப்பு பழுதுபட்டிருந்தாலோ அது செங்கல்தான். பெட்டியைத் திறந்து ஜேடேக் என்ற சோதனை இணைப்பின் வழியாகச் சில்லோடு நேரடியாகப் பேசத் தெரிந்தவரால் மட்டுமே அதை மீட்க முடியும். எழுதியது சரிதானா என்று நிரல் ஒப்பிட்டுப் பார்த்துச் சொல்லும்வரை கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டும். பிறகு நடுப்பொத்தானை அழுத்திப் பிடித்தபடி மீட்டமைத்தால், மேசைக் கணினித் திரையில், நொடிக்கு 115200 பிட் வேகத்தில் ஓடும் சீரியல் இணைப்பின் மறுமுனையில், பூட்லோடர் கட்டளைக்காகக் காத்து நிற்கும். அந்தக் குறுகிய குழாய் வழியாக ‘ஃபெமிலியர்’ என்ற லினக்ஸ் தொகுப்பின் கோப்பு முறைமை முழுவதும் ஊர்ந்து போய்ச் சேரப் பல நிமிடங்கள் ஆகும். கடைசியில் கையடக்கத் திரையில் பெங்குவின் ஒன்று தோன்றி, வெள்ளை எழுத்துகள் வரிவரியாக ஓடும். எழுத்தாணியால் கூட்டல் குறிகளைத் தொட்டுத் திரையை அளவுபடுத்தச் சொல்லும்.

தமிழ் வாசகருக்கு இந்த இடத்தில் திருமூலர் நினைவுக்கு வராமல் போகாது. சாத்தனூரில் இறந்துகிடந்த இடையன் மூலனின் உடலுக்குள், கதறும் பசுக்களுக்காக ஒரு யோகியார் புகுந்தார். திரும்பி வந்து தேடியபோது பத்திரமாக வைத்துப்போன தம் பழைய உடலைக் காணோம். மூலனாகவே தங்கிவிட்டார் என்பது பெரியபுராணம் சொல்லும் வரலாறு. படியெடுக்காமல் துடைத்தவரின் நிலையோடு ஒப்பு நன்றாகவே பொருந்துகிறது. ஆனால் அதற்குமேல் நீட்டினால் அறுந்துவிடும். யோகியார் எந்த உடலில் புகுந்தாலும் யோகியாரே. உடல் அவருக்குச் சட்டை. லினக்ஸ் அப்படி ஓர் உடலிலிருந்து இன்னோர் உடலுக்கு அப்படியே தாவுவதில்லை. ஒவ்வொரு கருவிக்கும் அதன் திரை, பொத்தான், ஒலி, மின்கலம் ஒவ்வொன்றையும் அறிந்து நடத்தும் டிரைவர்களோடு அது புதிதாகத் தொகுக்கப்பட வேண்டும். உயிர் இங்கே உடலைக் கற்றுக்கொண்டுதான் புகமுடியும். கூடுவிட்டுக் கூடு பாய்தலைவிட, உடலின் வடிவமே உயிர் என்ற அரிஸ்டாட்டிலின் ‘ஆன்மாவைப் பற்றி’ நூலின் கருத்து இதற்கு நெருக்கமானது.

இந்தியத் தத்துவத்தில் இதைவிடக் கூர்மையான கருவி ஒன்று இருக்கிறது. காரியம் தோன்றும் முன்பே காரணத்தில் உண்டா, இல்லையா என்ற வழக்கு அது. உண்டு என்பது சாங்கியம்; அதற்குச் சற்காரியவாதம் என்று பெயர். சைவ சித்தாந்தமும் இந்தப் பக்கமே. இல்லை, காரியம் புதிதாகத் தோன்றுகிறது என்பது நியாய வைசேடிகம். மணிமேகலை வஞ்சி நகரில் சந்திக்கும் சமயவாதிகளில் சாங்கியரும் வைசேடிகரும் உண்டு என்பதால், இந்த வழக்கு தமிழுக்கு நேற்று வந்தது அல்ல. ஈசுவரகிருஷ்ணரின் சாங்கியகாரிகை, காரியம் முன்பே உண்டு என்பதற்கு ஐந்து காரணங்கள் சொல்கிறது: இல்லாததை உண்டாக்க முடியாது, ஒன்றைச் செய்ய அதற்குரிய மூலப்பொருளைத்தான் தேடுகிறோம், எல்லாவற்றிலிருந்தும் எல்லாமும் வருவதில்லை, ஆற்றல் உள்ளது தன்னால் ஆவதையே செய்கிறது, காரியம் காரணத்தின் தன்மையுடையது. மரபாகச் சொல்லப்படும் உவமை எள்ளும் எண்ணெயும். எள்ளில் எண்ணெய் இருப்பதால் செக்கில் வருகிறது. மணலை எத்தனை நாள் ஆட்டினாலும் வராது.

ஐபேக்கில் லினக்ஸ் முன்பே இருந்ததா? சாங்கியர் பக்கம் நிற்பதற்கு வலுவான சான்று ஃபிளாஷ் நினைவகம். கடையிலிருந்து வந்த ஐபேக்கில் இயங்குதளம் ஃபிளாஷில் இருந்தது. பயனர் சேர்த்த முகவரி, குறிப்பு, நிரல் எல்லாம் மின்கலத்தின் தயவில் உயிரோடிருக்கும் சாதாரண நினைவகத்தில் இருந்தன. மின்கலம் முழுதாக வற்றினால் கருவி கடையிலிருந்து வந்த நாளுக்குத் திரும்பிவிடும். நிறுவனம் எழுதியது அழியாது, உரிமையாளர் எழுதியது அழிந்துபோகும் என்ற ஏற்பாடு அது. ஃபெமிலியர் அதே 16 எம்பி ஃபிளாஷின் மேல் ஜேஎஃப்எஃப்எஸ்2 என்ற கோப்பு முறைமையை அமைத்தது. ஃபிளாஷில் ஒரு பைட்டை மாற்ற வேண்டுமென்றால் முழுத் தொகுதியையும் அழித்துத்தான் எழுத முடியும்; ஒரே தொகுதியைத் திரும்பத் திரும்ப அழித்தால் அது தேய்ந்துபோகும். ஜேஎஃப்எஃப்எஸ்2 பழையதைத் தொடாமல் புதியதை அடுத்த இடத்தில் சுருக்கி எழுதிக்கொண்டே போய், தேய்மானத்தை எல்லாத் தொகுதிக்கும் பங்கிட்டது. எழுதிக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் போனாலும் கோப்பு முறைமை குலையாது. மின்கலம் செத்து, மறுபடி தொட்டிலில் வைத்து எழுப்பினால், கடைசியாகச் சேமித்த குறிப்பு அங்கேயே இருக்கும்.

புதிதாக ஒரு சில்லும் சேர்க்கப்படவில்லை. பயனர் எழுதியதைக் காப்பாற்றும் திறன் முதல் நாளிலிருந்தே அந்த 16 எம்பிக்குள் இருந்தது. வேறொரு ஏற்பாடு அதை மூடியிருந்தது. எள்ளில் எண்ணெய் என்பதற்கு இதைவிடத் தெளிந்த சான்று எந்தத் தொழில்நுட்பத்திலும் கிடைப்பது அரிது. சார்த்தரின் கத்திக்கு இங்கே விடை கிடைத்துவிடுகிறது: செய்தவரின் எண்ணம் பொருளின் ஆற்றலில் ஒரு பங்கைத்தான் தொட்டது.

ஆனால் நியாய வைசேடிகரின் மறுப்பை அவ்வளவு எளிதில் தள்ள முடியாது. எண்ணெய் முன்பே உண்டென்றால் செக்கு எதற்கு, செக்கோட்டி எதற்கு என்பது அவர்களின் பழைய கேள்வி. ஐபேக்கில் தொடுதிரை, பொத்தான்கள், மின்கல அளவு ஆகியவற்றை முதன்மைச் சில்லு நேரடியாகக் கவனிப்பதில்லை. தனியே ஒரு சிறு கட்டுப்பாட்டுச் சில்லு கவனித்து, சீரியல் இணைப்பில் செய்தி அனுப்புகிறது. அந்தச் செய்தியின் மொழி தெரியாமல் எழுத்தாணி திரையில் எங்கே பட்டது என்று லினக்ஸுக்குத் தெரியவராது. மொழியை அறிந்து, நிரலாக எழுதி, நடுங்கும் அளவீடுகளைச் சமப்படுத்தி, கோடு கோடாகவே திரையில் விழும்வரை திருத்தியவர்கள் மனிதர்கள். அந்த நிரல் எழுதப்படும் முன் எங்கேயும் இருக்கவில்லை. அதைச் சில்லுக்குள் ஒளிந்திருந்ததாகச் சொல்வது உழைத்தவரை அவமதிப்பதாகும். ஆற்றல் முன்பே உண்டு, ஆக்கம் புதிது என்று பிரித்துக்கொள்வதே இந்தப் பொருளுக்கு நேர்மையான விடை. இரண்டு தரிசனங்களும் தனித்தனியே முழு வெற்றி கேட்டால் இங்கே எதற்கும் அது கிடையாது.

சாங்கியரின் மூன்றாவது காரணம் கணினியிடம் வந்தவுடன் கொஞ்சம் தடுமாறுகிறது. எல்லாவற்றிலிருந்தும் எல்லாமும் வருவதில்லை என்றார்கள். ஆலன் டூரிங் 1936இல் காட்டியதோ, மற்ற எந்தக் கணிப்பு இயந்திரத்தின் வேலையையும் செய்யவல்ல பொது இயந்திரம் ஒன்று சாத்தியம் என்பது. அப்படியானால் கணினி எல்லா எண்ணெயும் ஊறும் விசித்திர எள். கருத்தளவில் இது சரி. டூரிங்கின் இயந்திரத்துக்கு நாடா முடிவில்லாதது, நேரம் அளவில்லாதது. கையடக்கக் கணினிக்கு நினைவகம் எண்ணிவைத்தது, மின்கலம் மணிக்கணக்கு. பாம்பைலட் என்ற கையடக்கக் கணினியின் டிராகன்பால் சில்லில் நினைவக மேலாண்மைப் பகுதி கிடையாது. ஒரு நிரல் இன்னொரு நிரலின் இடத்தில் கைவைக்காமல் காக்கும் சுவர் அது. சாதாரண லினக்ஸ் அந்தச் சுவர் இருக்கும் என்று நம்பியே எழுதப்பட்டது. 1998இல் பாம்பைலட்டுக்காக உருவான யூசிலினக்ஸ், சுவர் இல்லாத வீட்டில் குடியிருக்கக் கற்றுக்கொண்ட லினக்ஸ். இயங்கும் நிரல் தன்னைப் போல் இன்னொன்றைப் பிரதியெடுக்கும் ‘ஃபோர்க்’ என்ற அடிப்படைச் செயலையே அது விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. மூலப்பொருள் சொல்லும் ‘முடியாது’ என்ற சொல்லுக்கு மதிப்புக் கொடுத்த பின்தான் எண்ணெய் வந்தது. உலகத்தில் உண்மையாக இருக்கும் கணினி ஒவ்வொன்றும் எள்தான்; ஆனால் இந்த அளவு எண்ணெய்தான் என்று கணக்குள்ள எள்.

துடைக்காமல் புகும் வழியும் ஒன்று இருந்தது. என்இசி மொபைல்கியர் முதலிய மிப்ஸ் சில்லுக் கருவிகளுக்காக எழுந்த, லினக்ஸைப் போன்ற இன்னோர் இயங்குதளமான நெட்பிஎஸ்டியின் எச்பிசிமிப்ஸ் கிளையில், கருவியோடு வந்த விண்டோஸ் சிஇயில் ஓடும் ஒரு சிறு நிரல் நெட்பிஎஸ்டியின் மையநிரலான கெர்னலை நினைவகத்துக்குள் கொண்டுவந்து, கட்டுப்பாட்டை அதன் கையில் கொடுத்துவிட்டு மறைந்துபோகும். மீட்டமைத்தால் விண்டோஸ் சிஇ பழையபடி எழும். இங்கே பழைய உடலும் உண்டு, புதிய உயிரும் உண்டு. ஒன்று விழித்திருக்கும்போது மற்றது உறங்குகிறது. அந்திபோனின் கட்டில் ஒரே நேரத்தில் கட்டிலாகவும் மரமாகவும் இருந்துகொள்வது போன்றது இது. இதில் யாருடைய நோக்கம் பொருளின் நோக்கம் என்று கேட்டால், கேள்வி தவறு என்றே சொல்லத் தோன்றுகிறது. ஒரு பொருள் பல நோக்கங்களைத் தாங்கும்; எது எப்போது என்பதைத்தான் யாரேனும் தீர்மானிக்க வேண்டும்.

தீர்மானிக்கும் உரிமை யாருக்கு என்ற இடத்தில் இது அறத்தின் கேள்வியாகிறது. உழைப்பைக் கலந்தவருக்கே பொருள் சொந்தம் என்ற ஜான் லாக்கின் வாதம் இங்கே அதிக உதவி செய்யாது. சில்லைச் செய்தவரும் உழைத்தார், டிரைவர் எழுதியவரும் உழைத்தார், வாங்கியவர் தன் உழைப்பின் பலனைக் காசாகக் கொடுத்தார். ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983இல் கட்டற்ற மென்பொருளுக்கான குனூ திட்டத்தை அறிவித்தபோது எடுத்துக்கொண்டது வேறு அடித்தளம். நிரலை எதற்கும் ஓட்டலாம், எப்படி வேலை செய்கிறது என்று படித்து மாற்றலாம், பிறருக்குக் கொடுக்கலாம், மாற்றியதையும் கொடுக்கலாம் என்ற உரிமைகளை அவர் உடைமையிலிருந்து பெறவில்லை. தன் வாழ்க்கையை நடத்தும் கருவியைத் தானே அறிந்து நடத்துவது மனிதனுக்கு உரியது, அண்டை அயலாரோடு பகிர்ந்துகொள்வது நல்லது என்ற எண்ணத்திலிருந்து பெற்றார். கேள்வி ‘யார் சொந்தக்காரர்’ என்பதிலிருந்து ‘யார் அறியலாம்’ என்பதற்கு நகர்ந்துவிட்டது. நகர்ந்தது சரியான இடத்துக்கே.

ஷார்ப் நிறுவனத்தின் ஜாரஸ் எஸ்எல்-5500 இதைக் கச்சிதமாகக் காட்டும். 2002இல் வந்த அந்தக் கருவியில் லினக்ஸை ஏற்றியது நிறுவனமே, கெர்னல் 2.4, அதன்மேல் ட்ரோல்டெக்கின் கியூடோபியா என்ற வரைகலை இடைமுகம். கீழே இழுத்தால் சிறு விசைப்பலகை. பயனர்கள் கெர்னலையும் மற்றதையும் எடுத்து ஓபன்ஜாரஸ் என்ற தொகுப்பாக மேலும் வளர்த்தார்கள்; கியூடோபியாவின் திறந்த நிரலிலிருந்து ஓபி என்ற கிளை பிறந்தது. ஆனால் எஸ்டி அட்டைக்கான டிரைவர் மட்டும் மூலநிரல் இல்லாத இயக்கக் கோப்பாகவே கொடுக்கப்பட்டிருந்தது. மூடிய கோப்பு குறிப்பிட்ட ஒரு கெர்னல் பதிப்போடு மட்டுமே ஒட்டும். புதிய கெர்னலுக்குப் போனால் அட்டை வேலை செய்யாது. அட்டை வேண்டுமென்றால் பழைய கெர்னலிலேயே இருக்க வேண்டும். வீடு முழுக்கத் திறந்திருந்தும் ஒரே ஓர் அறையின் பூட்டு, குடியிருப்பவர் எந்தக் காலத்தில் வாழலாம் என்று தீர்மானித்தது. நோக்கத்தைச் செய்தவர் எழுதலாம். அதில் தவறில்லை, எழுதாமல் எதையும் செய்யவும் முடியாது. அறிவை மறைத்து வைத்து மற்ற நோக்கங்களின் வழியை அடைப்பது அதிலிருந்து முற்றிலும் வேறான செயல்.

எதிர்வாதத்தை அதன் வலுவோடு கேட்க வேண்டும். செய்தவருக்குப் பொறுப்பு உண்டு. மின்கலம் சூடேறினாலும் வானொலி அலை எல்லை மீறினாலும் பழி அவர்மேல் வரும். லினக்ஸைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் சொன்னது இன்னும் நுட்பமானது. மாற்றிய நிரலை ஏற்க மறுக்கும்படி வன்பொருளைப் பூட்டுவதைக் குனூ பொது உரிமத்தின் மூன்றாம் பதிப்பு 2007இல் நுகர்பொருள்களில் தடுக்க முனைந்தபோது, அவர் லினக்ஸ் கெர்னலை இரண்டாம் பதிப்பிலேயே வைத்துக்கொண்டார். நிரலைத் திருத்தியவர் திருத்தத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அவர் செய்த பெட்டி எப்படி இருக்க வேண்டும் என்று சொல்ல நிரலாளருக்கு உரிமை இல்லை என்பது அவர் நிலை. இதில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. ஆனாலும் வடிவத்துக்கும் மூலப்பொருளுக்கும் நடுவே அப்படி ஒரு மதிலைக் கட்ட முடியும் என்று அது நம்புகிறது. படிக்க மட்டும் முடிந்து ஓட்ட முடியாத நிரல், எள்ளைக் காட்டிவிட்டுச் செக்கைப் பூட்டி வைத்தது போன்றது. பொறுப்பைக் காக்கப் பூட்டு ஒன்றே வழியும் இல்லை. மின்கலத்துக்கான காவலைத் தனிச் சுற்றில் வைத்துவிட்டு மற்றதைத் திறந்துவிடலாம்.

தத்துவவாதி ஆல்பர்ட் போர்க்மன் 1984இல் வெளியிட்ட நூலில் அடுப்பையும் மைய வெப்பமூட்டியையும் ஒப்பிட்டார். அடுப்பு வீட்டாரைத் தன்னைச் சுற்றி உட்காரவைக்கிறது; விறகு, தீ, நேரம் எல்லாவற்றிலும் அவர்களைப் பங்குபெறச் செய்கிறது. வெப்பமூட்டி வெப்பத்தை மட்டும் கொடுத்துவிட்டுத் தன் பொறியைச் சுவருக்குப் பின்னால் மறைத்துக்கொள்கிறது. நவீன சாதனத்தின் போக்கே பலனை நீட்டிப் பொறியை மறைப்பது என்றார் அவர். ஐபேக்கில் லினக்ஸை ஏற்றியவர்களில் பலர் அதைக்கொண்டு பெரிதாக ஒன்றும் செய்யவில்லை என்று குறை சொல்வதுண்டு. நாட்காட்டி பழையதைவிட மெதுவாகத் திறந்தது, உறக்கத்திலிருந்து எழும்போது சில நேரம் தடுமாறியது என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் கட்டளை வரியில் ஒரு சொல்லைத் தட்டி, உள்ளங்கைக் கருவியில் இப்போது ஓடிக்கொண்டிருக்கும் செயல்களின் பட்டியலைக் கண்ணால் பார்த்தவருக்குச் சுவருக்குப் பின்னால் இருந்த பொறி அடுப்பாகத் திரும்பி வந்தது. பலன் குறைந்தாலும் உறவு கூடியது. ஓர் இயந்திரத்தைப் பயன்படுத்துவதும் அதை அறிவதும் இரண்டு தனித்தனி நன்மைகள். ஒன்றின் அளவுகோலால் மற்றதை அளப்பது நியாயமில்லை.

செய்தவரே நோக்கத்தைத் திறந்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு பெங்களூர் ஒரு விடை கொடுத்தது. இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர்களும் பொறியாளர்களும் சேர்ந்து 2001 ஏப்ரலில் வெளியுலகுக்குக் காட்டிய சிம்ப்யூட்டர், ஐபேக்கைப் போலவே ஸ்ட்ராங்ஆர்ம் சில்லில் ஓடிய லினக்ஸ் கருவி. அதன் வன்பொருள் வடிவமைப்பையே பொது உரிமம் ஒன்றின் கீழ் பகிர முனைந்தார்கள். ஒரு கருவியை ஊரே பகிர்ந்துகொள்ளும். ஆளுக்கொரு ஸ்மார்ட் அட்டை, அதைச் செருகினால் அவரவர் விவரம் வரும் என்பது திட்டம். எழுதப் படிக்கத் தெரியாதவருக்காக இந்திய மொழிகளில் எழுத்தை வாசித்துக் காட்டும் வேலையும் அதற்காகத் தொடங்கியது. ரமேஷ் ஹரிஹரன் தொடங்கிய த்வனி என்ற பேச்சு மென்பொருள் அதன் விளைவு. ‘என் கருவி’ என்ற எண்ணத்தையே அசைத்த வடிவமைப்பு அது. உடைமை தனி, பயன் தனி என்று பிரித்து, நோக்கத்தை அட்டையில் வைத்துப் பயனர் கையில் கொடுத்தது. கருவி சந்தையில் வேரூன்றவில்லை. திறந்திருத்தல் ஒரு பொருளை வாழவைத்துவிடும் என்ற நம்பிக்கைக்கு அது மறுப்பு. திறந்திருத்தலின் பயன் அந்தப் பொருளோடு முடிந்துவிடும் என்பதற்கும் அது மறுப்பு, ஏனென்றால் த்வனி கருவியைத் தாண்டி, சாதாரணக் கணினிகளுக்கும் மேலும் பல இந்திய மொழிகளுக்கும் போனது.

அப்படியானால் ஒரு பொருள் அழிந்தபின் மிஞ்சுவது எது? ஐபேக்குக்கு ஃபெமிலியர், ஜாரஸுக்கு ஓபன்ஜாரஸ் என்று கருவிக்கொரு தொகுப்பைக் கட்டிக்கொண்டிருந்தவர்கள், ஒவ்வொருவரும் ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்கிறோம் என்று கண்டு 2003இல் ஓபன்எம்பெடட் என்ற பொதுக் கட்டுமான முறையை உருவாக்கினார்கள். அதில் மையமாக இருப்பது ‘சமையல் குறிப்பு’ என்று அவர்களே அழைத்த சிறு உரைக்கோப்பு: மூலநிரலை எங்கிருந்து எடுப்பது, எந்தத் திருத்தத்தைச் சேர்ப்பது, எப்படித் தொகுப்பது என்று மட்டும் அது சொல்லும். எந்தச் சில்லுக்கு, எந்தத் திரைக்கு என்பது தனியே வேறொரு கோப்பில் இருக்கும். நோக்கமும் மூலப்பொருளும் அங்கே எழுத்திலேயே பிரிந்து நின்று, கட்டும்போது மட்டும் சேர்கின்றன. 2010இல் தொடங்கிய யாக்டோ திட்டம் அந்த அடித்தளத்தின் மேல் எழுந்தது. இன்று பல சாதனங்களுக்கு லினக்ஸைக் கட்டித் தருவது அந்த வழியே. அதன் சமையல் குறிப்புகளில் பல, ஐபேக்கையும் ஜாரஸையும் கையில் தொட்டே பார்த்திராதவர்கள் எழுதியவை.